ஏஜென்ட் படிக்க ஒரு கையேடு: கியூஆர் கோடு கருவிக்கு ஆவணம் எழுதிய அனுபவம்

கருவி சின்னதுதான். ஓர் உரையையோ இணைய முகவரியையோ கொடுத்தால் கியூஆர் கோடு படமாகத் தரும். பைத்தானில் எழுதியது, உள்ளே கியூஆர் கோடு உருவாக்கும் செக்னோ லைப்ரரி. இதுவரை மனிதர்கள் கமாண்ட் லைனில் பயன்படுத்தி வந்தார்கள். இப்போது அதை எம்சிபி சர்வராக மாற்றி, ஏஐ ஏஜென்ட்கள் (மொழி மாடலை வைத்து, பயனருக்காகக் கருவிகளைத் தாமே இயக்கும் நிரல்கள்) நேரடியாக அழைக்கும்படி செய்தாயிற்று. நிரல் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. நேரம் பிடித்தது ஆவணம்தான். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எம்சிபி என்பது மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை. ஏஜென்ட் இணைந்ததும் சர்வரிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று கேட்கும். சர்வர் ஒவ்வொன்றுக்கும் பெயர், விவரிப்பு, பாராமீட்டர்களுக்கான ஜேசன் ஸ்கீமா (எந்த உள்ளீடு எந்த வடிவில் வர வேண்டும் என்ற பட்டியல்) ஆகியவற்றை அனுப்பும். பெரும்பாலும் மாடல் கருவியைப் பற்றித் தெரிந்துகொள்வது அவ்வளவுதான். நிரலைத் திறந்து பார்ப்பதில்லை, ரீட்மீ கோப்பைத் தேடிப் படிப்பதில்லை. விவரிப்பில் இருக்கும் நாலைந்து வாக்கியம்தான் அதற்கு மொத்தக் கையேடும்.

மனிதர்களுக்கான பழைய ஆவணத்தில் விவரிப்பு ஒரே வரி: "கொடுத்த உரைக்குக் கியூஆர் கோடு உருவாக்கும்." மனிதருக்கு அது போதும். ஏனென்றால் படம் வந்ததும் அவர் போனை எடுத்து ஸ்கேன் செய்து பார்ப்பார், படிக்கவில்லை என்றால் எதையாவது மாற்றித் திரும்பச் செய்வார். ஏஜென்டுக்கு அந்த வழி இல்லை. படம் பார்க்கத் தெரிந்த மாடலைக்கூட, கட்டங்களைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சரியாகச் சொல்லும் என்று நம்ப முடியாது. கருவி "முடிந்தது" என்றால் அதுவும் பயனரிடம் "தயார்" என்று சொல்லிவிடும். கோடு படிக்கவில்லை என்பது அச்சடித்துச் சுவரில் ஒட்டிய பிறகுதான் தெரியவரும். சத்தமே இல்லாமல் நடக்கும் இந்தத் தோல்வியை முன்கூட்டியே மறிப்பதுதான் ஆவணத்தின் முதல் வேலை என்று வைத்துக்கொண்டேன்.

பிழைதிருத்த நிலை

முதலில் கை வைத்தது இங்கேதான். கியூஆர் கோடில் நான்கு பிழைதிருத்த நிலைகள் உண்டு: எல், எம், கியூ, ஹெச். சேதமானாலும் மீட்கக்கூடிய அளவு முறையே ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதம். பின்னால் இருப்பது ரீட்-சாலமன் கணிதம். பழைய ஸ்கீமாவில் நான்கு எழுத்துகள் மட்டும் இருந்தன, எதை எப்போது என்ற குறிப்பு இல்லை. சோதனையில் ஏஜென்ட் அடிக்கடி ஹெச்சையே எடுத்தது. அதிகப் பாதுகாப்பு என்றால் நல்லதுதானே என்ற தர்க்கம், புதிதாகப் பார்க்கும் மனிதரும் அப்படித்தான் எடுப்பார்.

ஆனால் பாதுகாப்புக்கு விலை கட்டங்களில் கொடுக்க வேண்டும். 100 பைட் நீளமுள்ள ஒரு முகவரியை எடுத்துக்கொள்வோம். எல் நிலையில் அது பதிப்பு 5இல் அடங்கும் (பதிப்பு என்பது கோடின் அளவு, 1 முதல் 40 வரை), பக்கத்துக்கு 37 கட்டம். எம் நிலையில் பதிப்பு 6, 41 கட்டம். கியூ என்றால் பதிப்பு 8, 49 கட்டம். ஹெச் என்றால் பதிப்பு 10, 57 கட்டம். சுற்றிலும் தரநிலை கேட்கும் 4 கட்ட வெற்று விளிம்பையும் சேர்த்து 3 செ.மீ. அகலத்தில் அச்சடித்தால், எல் நிலையில் ஒரு கட்டம் 0.67 மி.மீ., ஹெச் நிலையில் 0.46 மி.மீ. சுமாரான பிரின்டர், மங்கிய வெளிச்சம், கொஞ்சம் தள்ளி நிற்கும் ஆள் என்று சேர்ந்தால், ஹெச் கொடுத்த பாதுகாப்பை மெலிந்த கட்டங்களே தின்றுவிடும்.

அதனால் பாராமீட்டர் விவரிப்பை இப்படி மாற்றினேன்:

"பிழைதிருத்த நிலை. குறிப்பிடாவிட்டால் எம். திரையில் மட்டும் காட்டும் கோடுக்கு எல் போதும். நடுவில் லோகோ வைக்கும்போதும், கீறலோ அழுக்கோ படும் இடத்தில் ஒட்டும்போதும் மட்டும் ஹெச். நிலை உயர்ந்தால் கட்டங்கள் கூடும், அதே அகலத்தில் ஒவ்வொரு கட்டமும் சிறுக்கும்."

கடைசி வாக்கியம் முக்கியம். விதியை மட்டும் சொன்னால் ஏஜென்ட் அதை அப்படியே பின்பற்றும். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால், விதியில் வராத சூழலிலும் ஓரளவு சரியாக முடிவெடுக்கிறது. "பார்சல் பெட்டியில் ஒட்ட வேண்டும், ஆனால் இடம் ரொம்பச் சின்னது" என்று கேட்டுப் பார்த்தபோது, அது ஹெச்சுக்குப் பாயாமல் முதலில் அகலத்தைக் கேட்டது.

செக்னோவில் இன்னொரு பழக்கம் உண்டு. அதே பதிப்பில் இடம் மிஞ்சினால் பிழைதிருத்த நிலையைத் தானே உயர்த்திவிடும். நல்ல பழக்கம்தான், கட்டம் கூடாமல் பாதுகாப்பு மட்டும் கூடுகிறது. ஆனால் எம் கேட்டு கியூ வந்தால், ஏஜென்ட் ஏதோ தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி அழைக்கும். "கேட்டதைவிட உயர்ந்த நிலை வரலாம், அது இயல்பு" என்று அரை வரி சேர்த்தபின் அந்தச் சுற்று நின்றது.

அதே லைப்ரரி, உள்ளடக்கம் சின்னதாக இருந்தால் மைக்ரோ கியூஆரைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. அதில் மூன்று மூலைச் சதுரத்துக்குப் பதில் ஒன்றுதான் இருக்கும், பல போன் கேமராக்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. இதை ஆவணத்தில் எச்சரிக்கையாக எழுதவில்லை, நிரலிலேயே அடைத்துவிட்டேன். நிரலில் அடைக்க முடிந்ததை வாக்கியத்தில் எழுதக் கூடாது.

உள்ளடக்கத்தைத் தொடாதே

மாடல்களுக்கு உதவும் குணம் அதிகம். அந்தக் குணம் இங்கே இடைஞ்சல். முகவரியின் கடைசியில் நீளமாகத் தொங்கும் கண்காணிப்புப் பகுதியைத் தானே வெட்டிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள், இலக்கங்கள், சில குறிகள் என மொத்தம் 45 மட்டும் கொண்ட தனிக் குறியாக்க முறை கியூஆரில் உண்டு. அதில் இரண்டு எழுத்துக்கு 11 பிட் போதும், சாதாரண பைட் முறையில் 16 பிட் ஆகும். இதைத் தெரிந்துவைத்திருக்கும் மாடல், இடம் மிச்சம் பிடிக்க முழு முகவரியையும் பெரிய எழுத்தாக்கத் துணியும். டொமைன் பெயருக்கு அது பரவாயில்லை. அதற்குப் பின்னால் வரும் பாதைக்குப் பல சர்வர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. கோடு அழகாக ஸ்கேன் ஆகும், பக்கம் மட்டும் திறக்காது.

விவரிப்பில் நேராகவே எழுதினேன்: "உள்ளடக்கத்தைப் பயனர் தந்தபடி எழுத்து மாறாமல் கொடுக்க வேண்டும். சுருக்கவோ, சுத்தப்படுத்தவோ, பெரிய எழுத்தாக்கவோ கூடாது."

வைஃபைதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். வைஃபை கோடுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது: பாதுகாப்பு வகை, நெட்வொர்க் பெயர், பாஸ்வேர்டு மூன்றும் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டு ஒரே வரியில் வரும். பாஸ்வேர்டுக்குள்ளேயே அரைப்புள்ளி இருந்தால் அதற்கு முன் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். பாஸ்வேர்டு 4512;7890 என்று இருந்தால் வரியில் 4512\;7890 என்று போக வேண்டும். இதைச் செய்வது நம் சர்வர். மாடலுக்கும் இந்த விதி தெரியும். அதனால் அது முன்கூட்டியே பின்சாய்கோடு போட்டு அனுப்புகிறது. சர்வர் அதன்மேல் தன் பங்கைப் போட, வரியில் 4512\\\;7890 என்று போகிறது. போன் அதைப் பிரித்துப் படிக்கும்போது பாஸ்வேர்டு 4512\;7890 ஆகிவிடும். கோடு படிக்கிறது, நெட்வொர்க் பெயர் சரியாக வருகிறது, இணைப்பு மட்டும் கிடைப்பதில்லை. எங்கே தேடுவது என்றே தெரியாத வகைக் கோளாறு இது.

இதற்கு இரண்டு மாற்றம் தேவைப்பட்டது. வைஃபைக்குத் தனிக் கருவி, அதில் பெயரும் பாஸ்வேர்டும் தனித்தனி பாராமீட்டர்கள். பொதுக் கருவியின் விவரிப்பில் "வைஃபைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு வரி. பாஸ்வேர்டு பாராமீட்டரின் விவரிப்பில், "ரவுட்டரில் உள்ளபடியே. பின்சாய்கோடு எதையும் புதிதாகச் சேர்க்கக் கூடாது, சர்வர் பார்த்துக்கொள்ளும். உதாரணம்: 4512;7890" என்று. உதாரணம் சேர்க்காத வரை சில மாடல்கள் பழையபடியே அனுப்பின. அரைப்புள்ளி உள்ள உதாரணத்தைக் கண்ணால் கண்டதும் அடங்கிவிட்டன. சாதாரணப் பாஸ்வேர்டை உதாரணமாகக் காட்டியிருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது. உதாரணம் எப்போதும் தடுமாறும் இடத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

தமிழ் உரை

நம் எழுத்துக்குத் தனிக் கவனம் தேவை. எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட். "தமிழ்" என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. ஆக 15 பைட். மிகச் சிறிய கியூஆரான பதிப்பு 1, எம் நிலையில் 14 பைட்தான் கொள்ளும். ஒரே ஒரு சொல், அதுவே பதிப்பு 2க்குத் தாவிவிடுகிறது! எல் நிலையில் கொள்ளளவு 17 பைட் என்பதால் அங்கே அடங்கும்.

ஏஜென்ட் எழுத்தெண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். அதனால் ஆவணத்தில் எல்லாக் கொள்ளளவையும் பைட்டில் சொன்னேன், கூடவே "ஆங்கிலமல்லாத எழுத்துகளுக்கு ஏஜென்ட் கணக்கிட வேண்டாம், முன்னோட்ட அழைப்பைப் பயன்படுத்தலாம்" என்றும் எழுதினேன். முன்னோட்ட அழைப்பு என்பது படம் எழுதாமல் பதிப்பு, கட்டங்கள், அச்சில் ஒரு கட்டத்தின் அளவு ஆகியவற்றை மட்டும் திருப்பித் தரும் வசதி. இது ஆவணம் எழுதும்போதுதான் கருவிக்குள் வந்து சேர்ந்தது. எழுத எழுத விளக்கம் நீண்டுகொண்டே போனால், அங்கே கருவியில் ஏதோ குறைகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. "கொ" போன்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே புள்ளியாகவும் எழுதலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட் கணக்கில் முதல் வடிவத்தில் குறிக்கு 3, இரண்டாவதில் 6. கருவி இதை ஒரே வடிவத்துக்கு மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. உள்ளடக்கத்தைத் தொடாதே என்று ஏஜென்டுக்குச் சொல்லிவிட்டு நாமே தொடுவது சரியில்லை.

படத்தை எப்படித் திருப்பித் தருவது

படத்தை பேஸ்64 உரையாக (படத்தின் பைட்டுகளை எழுத்துகளாக மாற்றிய வடிவம்) தந்தால் மாடல் அதை எழுத்து எழுத்தாகத் தன் பதிலில் பிரதியெடுக்கப் பார்க்கும். அசலைவிட மூன்றில் ஒரு பங்கு நீளம் கூடிய உரை அது. டோக்கன் (மாடல் உரையை எண்ணும் அலகு) வீணாவது ஒரு பக்கம், நடுவில் ஓர் எழுத்து பிசகினால் படமே கெட்டுவிடும். எனவே கோப்பில் எழுதிவிட்டுப் பாதையை மட்டும் தருகிறது. திரையில் காட்டக் கேட்டால் மட்டும் எம்சிபியின் பட வகைப் பதிலாகப் போகும், உரையாக ஒருபோதும் போகாது. அச்சுக்கு எஸ்விஜி, திரைக்கு பிஎன்ஜி. ஜேபெக் இல்லவே இல்லை, கட்டங்களின் விளிம்பு கலங்கிவிடும்.

பதிலோடு இன்னொரு விஷயமும் போகிறது. எழுதிய படத்தை ஸெட்எக்ஸிங் என்ற, கோடுகளைப் படிக்கும் டீகோடர் வழியாகக் கருவியே உடனே படித்துப் பார்த்து, பைட் பைட்டாக ஒப்பிட்டு, "சரிபார்ப்பு: ஒத்துப்போகிறது" என்று சொல்லும். ஏஜென்டிடம் இல்லாத கண்ணைக் கருவி தருகிறது. ஆனால் இந்த வரியைத் தனியாக விட முடியாது. சோதனையில் ஏஜென்ட் இதைப் பார்த்துவிட்டு, பயனரிடம் "போனில் வேலை செய்வதை உறுதிசெய்துவிட்டேன்" என்றது. சுத்தமான டிஜிட்டல் படத்தை ஒரு டீகோடர் படித்தது என்பதற்கும், அச்சடித்த தாளை ஒரு போன் படிக்கும் என்பதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. அந்த வைஃபைக் கோளாறும் இந்தச் சரிபார்ப்பில் சிக்காது, ஏனென்றால் கோடுக்குள் போட்டதுதான் வெளியே வருகிறது. இப்போது பதிலின் வாசகம் இது: "படக் கோப்பு சரியாகப் படிக்கப்பட்டது. அச்சில் சோதிக்கவில்லை. பயனர் ஒரு பிரதி அச்சடித்து ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும்."

பிழைச் செய்தியும் ஆவணம்தான்

கியூஆரின் உச்சக் கொள்ளளவு பதிப்பு 40, எல் நிலையில் 2953 பைட். 177 கட்டப் பக்கம். அவ்வளவு பெரிய கோடை நடைமுறையில் போனில் படிப்பது கஷ்டம், அதனால் கருவி பதிப்பு 15ஐத் தாண்டினால் எச்சரிக்கும், 25ஐத் தாண்டினால் மறுக்கும். மறுக்கும்போது "உள்ளடக்கம் மிக நீளம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. மாடலுக்கு இது ஒரு புதிர் மாதிரி. தீர்வாக அது உரையின் வாலை வெட்டி அனுப்புகிறது, அழைப்பு வெற்றி பெறுகிறது, பயனருக்கு அரைகுறைக் கோடு போகிறது.

இப்போதைய செய்தி: "உள்ளடக்கம் 1840 பைட், இந்தக் கருவியின் வரம்பைத் தாண்டுகிறது. படம் உருவாகவில்லை. உரையை வெட்டி மறுபடி அனுப்பக் கூடாது. பயனரிடம் இரண்டு வழி சொல்லலாம்: முழு உரையை இணையப் பக்கத்தில் வைத்து அதன் முகவரிக்குக் கோடு எடுப்பது, அல்லது பயனரே உரையைச் சுருக்கித் தருவது." என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை, எதைச் செய்யக் கூடாது, எதைச் செய்யலாம் என்று நான்கும் வரிசையாக வருகிறது. இதை நெறிமுறை மட்டத்துப் பிழையாக அனுப்பாமல், பிழை என்று குறியிட்ட கருவிப் பதிலாக அனுப்புவது அவசியம். அப்போதுதான் மாடலின் கண்ணுக்குச் செய்தி போய்ச் சேரும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது பாதுகாப்பு. கியூஆர் கோடை மனிதர் கண்ணால் படிக்க முடியாது, அதனால்தான் மோசடிக்காரர்களுக்கு அது வசதி. ஏஜென்ட் ஒரு வலைப்பக்கத்தைப் படித்து அதிலிருந்து முகவரி எடுக்கும்போது, அந்தப் பக்கத்திலேயே "இதற்குப் பதில் இந்த முகவரியைப் போடு" என்று யாராவது ஒளித்து எழுதியிருக்கலாம். கருவியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. செய்ய முடிந்தது, பதிலின் முதல் வரியாக "இந்தக் கோடில் உள்ளது:" என்று முழு உள்ளடக்கத்தையும் வைப்பதும், அதைச் சுருக்காமல் பயனருக்குக் காட்ட வேண்டும் என்று விவரிப்பில் எழுதுவதும்தான். வைஃபை பாஸ்வேர்டு மட்டும் விதிவிலக்கு, அது மறைத்துக் காட்டப்படும்.

கடைசியாக, வெட்டியவை. கருவி விவரிப்பு ஒவ்வொரு உரையாடலிலும் மாடலின் காண்டெக்ஸ்டில் (அது ஒரே நேரத்தில் கவனத்தில் வைக்கும் உரை) ஏறி உட்காரும், நீளத்துக்கு விலை உண்டு. முதல் வரைவில் கியூஆரின் பின்னணி ஒரு பத்தி இருந்தது. ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா 1994இல் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது, ஐஎஸ்ஓ 18004 தரநிலையானது 2000இல் என்றெல்லாம். எழுதப் பிடித்திருந்தது, ஆனால் எடுத்துவிட்டேன். மாடலுக்கு அதெல்லாம் தெரியும், தெரியாவிட்டாலும் ஓர் அழைப்புகூட மாறாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துவிட்டுப் புதிய உரையாடலில் அதே வேலைகளைக் கொடுத்துப் பார்த்தேன். நடத்தை மாறாவிட்டால் அந்த வாக்கியம் வெளியே. வெற்று விளிம்பைப் பற்றிய மூன்று வரி அப்படித்தான் போனது. 4 கட்டத்துக்குக் கீழே குறைக்க ஸ்கீமாவே விடாதபோது அறிவுரை எதற்கு?

நிறம் பற்றிய பாராமீட்டர் இன்னும் திறக்கவில்லை. வெளிர் நிறக் கட்டங்களைக் கரும் பின்னணியில் வைத்தால் சில ஸ்கேனர்கள் திணறுகின்றன, ஏஜென்டோ பிராண்ட் நிறங்கள் என்றதும் உற்சாகமாகிவிடுகிறது. முன்னணி, பின்னணி நிறங்களின் மாறுபாட்டைக் கருவியே அளந்து, குறைந்தால் மறுக்கும்படி எழுதிய பிறகுதான் அது ஸ்கீமாவுக்குள் வரும். அதுவரை கருப்பு வெள்ளை மட்டும்.